காற்றை எரித்து எடுத்த தண்ணீர்

வெதர்டன் வீட்டில் சமையல் வேலைக்குச் சேர்ந்த முதல் ஏழு மாதம் நான் எஜமானரின் முகத்தைப் பார்த்ததில்லை. முதுகைப் பார்த்திருக்கிறேன். அவருடைய அப்பா காலத்துத் தையலில் மங்கிப்போன ஊதாக் கோட்டு. மாடிப்படியில் என் காலடிச் சத்தம் கேட்டதும் அந்தக் கோட்டு அப்படியே திரும்பி, வந்த வழியே ஓடும். ஆண்களிடமே நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவர். பெண்களைக் கண்டால் அந்த நாலும் வராது. எனக்கு வேண்டிய உத்தரவெல்லாம் கூடத்து மேஜையில் சீட்டாகக் கிடக்கும். 'இன்று ஆட்டுத்தொடை.' மறுநாளும் 'இன்று ஆட்டுத்தொடை.' ஒரு வெள்ளிக்கிழமை ஆற்றிலிருந்து துள்ளத் துள்ள மீன் வந்திருந்தது. அதைச் சமைக்கட்டுமா என்று நானும் ஒரு சீட்டு எழுதி வைத்தேன். பதில் வந்தது: 'மீன் நல்லது. இன்று ஆட்டுத்தொடை.'

லண்டனை ஒட்டிய ஹாக்னியில் அது பெரிய வீடு. மாடியில், விருந்து போட வேண்டிய அறையில் கண்ணாடிக் குடுவைகளும் தராசுகளும் நின்றன. துணி காயப்போடும் என் கொடியில் ஒரு நாள் பதினொரு வெப்பமானிகள், என்னுடைய கவ்விகளிலேயே தொங்கின. தோட்ட வேலை பார்த்த என் புருஷன் ஏபல் அதைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு ஓடி வந்தான்.

"அடியே டார்க்கஸ், வெளிய வந்து பாரு. நம்ம எஜமானர் வெயிலத் துவைச்சுக் காயப்போட்டிருக்காரு!"

"வாய மூடுய்யா, கேட்டுடப் போகுது" என்றேன். ஆனால் நானும்தான் சிரித்தேன்.

அவர் காற்றை நிறுத்துப் பார்க்கிறவர் என்று டாக்டர் லோவிபாண்ட் எனக்குச் சொன்னார். அந்த வீட்டுக்கு வந்து போகிற ஒரே நண்பர் அவர்தான். பீர் நுரைக்கும் தொட்டியின் மேல் நிற்கிற காற்று கனமானது, அதில் மெழுகுவர்த்தி அணைந்துவிடும். இரும்புத் தூளில் திராவகத்தை ஊற்றினால் கிளம்பும் காற்று வேறு. அது சாதாரணக் காற்றைவிடப் பல மடங்கு லேசு, நெருப்பைக் கண்டால் பற்றிக்கொள்ளும். இதையெல்லாம் யார் துணையும் இல்லாமல் கண்டுபிடித்து, தாளில் எழுதி, மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிடுவாராம்.

லேசான அந்தக் காற்றை நாங்களும் பார்த்தோம். ஒரு நாள், 'சோப்பு நுரை, ஒரு கிண்ணம்' என்று சீட்டு வந்தது. கொண்டுபோய்க் கதவருகே வைத்துவிட்டு வந்தேன். சற்று நேரத்தில் கதவிடுக்கு வழியாகக் குமிழிகள் வெளியே வந்தன. சாதாரணக் குமிழி கீழே இறங்கும். இவை விறுவிறுவென்று கூரைக்கு ஏறின. ஒன்று மட்டும் ஏபலின் முகத்தருகே வந்தது. அவன் வாயில் புகையும் குழாய். டப்பென்று வெடித்தது.

மாலையில் சீட்டு வந்தது: 'தோட்டக்காரரின் புருவத்துக்கு வருந்துகிறேன். சத்தம் துப்பாக்கி அளவா, தக்கை திறக்கும் அளவா?'

"தக்கைன்னு எழுது" என்றான் ஏபல், ஒற்றைப் புருவத்தைத் தடவிக்கொண்டே. "பெரிய தக்கைன்னு எழுது."

அடுத்த மார்ச் மாதம் எஜமானருக்குக் கடும் ஜலதோஷம். மூக்கும் நாக்கும் செத்துப்போய், என் பட்டாணி சூப்பை வெந்நீர் என்று எண்ணிக் குடித்தார். அப்போதுதான் மேலே மணி அடித்தது. சமையல்காரிக்காக அந்த மணி அடித்தது அதுவே முதல் தடவை.

போனேன். குடுவைகள் இருந்த அறையில் ஒரு துணித் தட்டி நின்றது. தட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு கை மட்டும் நீண்டது. கையில் வெள்ளிக் கரண்டி, கரண்டியில் பத்துச் சொட்டுத் தண்ணீர்.

"ரு... ருசி" என்றது தட்டி. "என்ன ருசின்னு... சொல்லுங்க."

வாயில் விட்டுப் பார்த்தேன். "புளிக்குதுங்க ஐயா. லேசாத்தான். ஆனா புளிப்புதான்."

தட்டிக்குப் பின்னால் பெருமூச்சு. "புளிக்கக் கூடாதே."

"எந்தக் கிணத்துத் தண்ணிங்க இது?"

"கிணறு இல்ல. காத்து."

நான் சிரித்துவிட்டேன். எஜமானர் முன்னால் சிரிக்கலாமா என்று யோசிக்கக்கூட நேரமில்லை. "காத்து எங்கயாவது தண்ணியாகுமாங்க?"

அந்தக் கேள்விதான் அவரைத் திறந்துவிட்டது. தட்டிக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு கால் மணி நேரம் பேசினார். எரியும் காற்றையும், மூச்சுக்கு உதவுகிற சுத்தமான காற்றையும் ஒரு குடுவைக்குள் சேர்த்து அடைத்து, உள்ளே ஒரு மின்பொறி பாய்ச்சினால் இரண்டும் சேர்ந்து எரிகின்றன. எரிந்து முடிந்ததும் குடுவையின் உட்பக்கத்தில் பனி படிகிறது. தண்ணீர் என்பது தனிப்பொருள் என்றே உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. அவர் கணக்குப்படி அது இரண்டு காற்றுகளின் சேர்க்கை. ஆனால் புளித்தால் அது வெறும் தண்ணீர் இல்லையே!

"அளவு தப்பியிருக்கும்ங்க" என்றேன். "ரொட்டிக்கு ஈஸ்ட் கூடிப்போனா இப்படித்தான் புளிக்கும். ஒண்ணக் கூட்டி ஒண்ணக் குறைச்சுப் பாருங்க."

தட்டிக்குப் பின்னால் பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டது. பிறகு, "சுத்தக் காத்து கூடிப்போச்சு. அதான். ஆமா, அதான்" என்று முணுமுணுத்தது.

அந்த வாரம் முழுக்க ஒவ்வொரு அளவாக மாற்றி மாற்றி எரித்தார். ஒவ்வொரு தடவையும் மணி அடிக்கும், நான் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறுவேன். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த கண்ணாடி உருளையைச் சுழற்றிக் குடுவைக்குள் மின்பொறி பாய்ச்சுவதும் என் வேலையாயிற்று. புளிப்பு. குறைந்த புளிப்பு. இன்னும் குறைவு. ஒன்பதாவது கரண்டியை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினேன். எங்கள் கிணற்றின் இரும்பு வாடை இல்லை, மழைநீரின் கூரை வாடை இல்லை, ஆற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"ஒண்ணுமே இல்லங்க ஐயா."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒரு ருசியும் இல்ல. வெறும் தண்ணி. இவ்வளவு வெறும் தண்ணிய நான் குடிச்சதே இல்ல."

தட்டி சாய்ந்தது. எஜமானர் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து மேஜையைச் சுற்றி இரண்டு முறை ஓடினார். தலையில் வைத்திருந்த பொய்முடி ஒரு காதுப்பக்கம் நழுவியிருந்தது. ஐம்பது வயது முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டோம் என்று உணர்ந்தார், தட்டியை நிமிர்த்தி அதன் பின்னால் போய் நின்றார். அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இதையும் எழுதி இழுப்பறையில் பூட்டப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த தடவை டாக்டர் வந்தபோது இறைச்சி பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அறிவியல் சங்கத்து அறிஞர்கள் ஆறு பேர் சனிக்கிழமை மதியம் வந்து நேரில் பார்ப்பதென்று முடிவாயிற்று. எஜமானரும் தலையாட்டினார்.

சனிக்கிழமை வாசலில் வண்டிச் சக்கரம் கேட்டதும் ஆளைக் காணோம். சமையல் மேஜையில் சீட்டு: 'என்னால் முடியவில்லை. ஒன்பது முறை பார்த்தவர் நீங்கள். செய்து காட்டவும். நான் பாத்திர அறையில் இருப்பேன்.'

"போச்சுடா!" என்றான் ஏபல். "நீ போய் என்னடி செய்வ?"

"பொறி பாய்ச்சத் தெரியும். மத்தத அவரு பாத்துக்குவாரு. நீ அடுப்பப் பாரு."

கழுவிய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு குடுவை அறையில் போய் நின்றேன். ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் பருத்தவர் சர் பெரிக்ரின். மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்தே பேசுகிறவர்கள்.

"சமையல்காரியா காட்டப்போறா?" என்றார்.

"வெதர்டன் அனுப்பின ஆள் அவங்கதான்" என்றார் டாக்டர்.

அளந்து வைத்திருந்த காற்றுகளைக் குடுவைக்குள் விட்டு, அடைத்து, கண்ணாடி உருளையைச் சுழற்றிப் பொறி பாய்ச்சினேன். பளீரென்று ஒரு வெளிச்சம். குடுவைக்குள் பனி படிந்தது. ஐந்து பேர் ஒரே நேரத்தில் நெருங்கியதில் தலைகள் இடித்துக்கொண்டன.

"குடுவை முன்னாடியே ஈரமா இருந்திருக்கும்" என்றார் சர் பெரிக்ரின்.

"அப்படின்னா இந்த இன்னொரு குடுவைய நீங்களே துடைங்க ஐயா. உங்க கைக்குட்டையாலயே துடைங்க. எங்க துணிமேல சந்தேகம் வேண்டாம்."

துடைத்தார், வேர்க்க வேர்க்கத் துடைத்தார். மறுபடி பொறி, மறுபடி பனி.

"சரி. காத்துலயே ஈரம் கலந்திருக்கும்!"

 பாத்திர அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில் உணவு நீட்டுகிற சின்ன ஜன்னல் உண்டு. அதன் கதவு விரலளவு திறந்தது. ஒரு சீட்டு விழுந்தது. எடுத்து உரக்கப் படித்தேன்: 'இரண்டு காற்றையும் உலர்ந்த சாம்பல் உப்பின் வழியே செலுத்தி ஈரம் நீக்கினோம். குடுவையின் எடை, எரிப்பதற்கு முன்னும் பின்னும் ஒன்றே.'

சர் பெரிக்ரின் ஜன்னலைப் பார்த்து அடுத்த கேள்வி கேட்டார். சீட்டு விழுந்தது. அடுத்தது, அடுத்தது. நான் குனிந்து குனிந்து எடுத்ததில் இடுப்பு கழன்றது. கடைசியில் அவர், "ஆக, ரெண்டு காத்தும் சம பங்கு..." என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, ஜன்னல் படாரென்று திறந்து எஜமானரின் தலை வெளியே வந்தது.

"இல்ல, இல்ல, இல்ல! சமம் இல்ல! ஒரு பங்கு சுத்தக் காத்துக்கு ரெண்டு பங்கு எரியுற காத்து! ரெண்டு!"

 ஆறு பேரும் எழுந்து கை தட்டினார்கள். சர் பெரிக்ரின்தான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார். தலை சட்டென்று உள்ளே போயிற்று. டாக்டர் தந்திரக்காரர், அமைதியாக, "வெதர்டன், எடைய எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டார். தலை மெதுவாகத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் பேசினார். அறைக்குள் மட்டும் வரவில்லை. நாற்காலிகளை எல்லாரும் ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அடுப்பைப் பார்க்கச் சொன்ன ஏபல் கதவருகே நின்று வாய் பிளந்து கேட்டதில் இறைச்சி கரியாயிற்று. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பீரும் கொண்டுவந்தேன். ஒருவரும் என்ன சாப்பிடுகிறோம் என்று கவனிக்கவில்லை. சர் பெரிக்ரின் தன் கையாலேயே நாலு தடவை பொறி பாய்ச்சி, ஒவ்வொரு தடவையும் குழந்தை மாதிரி "ஹா!" என்றார்.

அந்த இழுப்பறையைத் திறக்க வைத்தது டாக்டர். காற்றும் தண்ணீரும் பற்றிய கட்டுரை அந்த வருஷமே சங்கத்தில் வாசிக்கப்பட்டு அச்சாயிற்று. அதில் ஓரிடத்தில், 'ருசியை முடிவு செய்தவர் திருமதி டார்க்கஸ் பெல்; அவருடைய நாக்கு என் கருவிகளில் எதற்கும் குறைந்ததல்ல' என்று எழுதியிருந்தார். ஏபல் அந்தப் பக்கத்தை மதுக்கடைக்கு எடுத்துப்போய் யார் யாருக்கோ படித்துக் காட்டினான். "அந்த நாக்குகிட்ட தினமும் திட்டு வாங்குறவன் நான்" என்று கூடுதலாக ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டான்.

மாதத்தின் முதல் சனிக்கிழமைதோறும் அறிஞர்கள் வரத் தொடங்கினார்கள். எஜமானர் ஒருநாளும் அவர்கள் மேஜைக்கு வந்து உட்காரவில்லை. வற்புறுத்துவதையும் அவர்கள் விட்டுவிட்டார்கள். ஜன்னல் சட்டத்தில் முழங்கை அழுந்தாமல் இருக்கப் பச்சை வெல்வெட்டில் ஒரு திண்டு தைத்துப் போட்டேன். அதன் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, வாயில் ரொட்டியோடு, எல்லாரையும்விட உரக்கப் பேசுவார்.