காதுக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு

கூத்தாநல்லூர் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தபோது இரண்டு முறை வலிப்பு வந்து விழுந்துவிட்டாள் ஷம்சாத். கணவன் மூஸா குவைத்தில் இருந்ததால் நாத்தனார் சபிஹாதான் அவளைத் தஞ்சாவூருக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிவந்தாள்.

கழுத்தில் கிடந்த கருகமணியைக் கழற்றி சபிஹாவிடம் கொடுத்தாள் ஷம்சாத். ஸ்கேன் மெஷினின் குழாய்க்குள் போனதும் மூக்குக்கு நேர் மேலே கூரை. கபுர்க் குழியும் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. அதன்பிறகு தலை அவள் சொன்னபடி கேட்கவில்லை.

வெளியே வந்ததும் டாக்டர் நாகநாதன் படத்தைக் காட்டினார். மூளை வரிவரியாகக் கலைந்து தெரிந்தது. வலது காதுக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு.

"இது கட்டியா, நீங்க அசைஞ்சதால விழுந்த பொய் நிழலான்னு தெரியலம்மா. திரும்ப எடுத்தாத்தான் சொல்ல முடியும்."

கட்டி என்ற சொல்லுக்குப் பிறகு ஷம்சாத்தின் காதில் எதுவும் ஏறவில்லை. "என்னால முடியாது சபிஹா. வீட்டுக்குப் போயிடலாம்."

ஸ்கேன் எடுக்கும் பிரகதாம்பாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மயக்கம் கொடுத்தும் எடுக்கலாம். ஆனா அந்த டாக்டர் திங்கட்கிழமைதான் வருவாங்க."

அன்று வியாழன். நாலு நாள் அந்தத் திட்டோடு எப்படித் தூங்குவது?

"வேற வழி இல்லியா மேடம்?" என்று கேட்டாள் ஷம்சாத்.

"இருக்கும்மா. துண்டு துண்டா எடுக்கிறேன். ஒவ்வொரு துண்டுக்கும் தலை எங்க இருக்குன்னு மெஷினே பாத்து, படத்தை நேராக்கிக்கும். லேசா அசைஞ்சா பரவாயில்ல. ரொம்ப அசைஞ்சா அந்தத் துண்ட மட்டும் திரும்ப எடுத்துக்கிறேன்."

ஷம்சாத் மறுபடி படுத்தாள். சபிஹா உள்ளேயே நின்று அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். மெஷின் தடதடவென்று அடிக்கத் தொடங்கியதும் தாடை தானாக ஆடியது. கண்ணை இறுக மூடி ஓத ஆரம்பித்தாள். பாதியில் மறந்துபோனது, முதலிலிருந்து தொடங்கினாள். எச்சில் விழுங்கியபோது தலை அசைந்தது. போச்சு என்று நினைத்தாள்.

"பரவாயில்லம்மா, அந்தத் துண்ட திரும்ப எடுக்கிறேன்," என்றது ஒலிபெருக்கிக் குரல்.

இந்தமுறை படம் தெளிவாக இருந்தது. நாகநாதன் வெகுநேரம் பார்த்தார். ஷம்சாத் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டு இல்ல. அது நிழல்தான். உள்ள பழைய தழும்பு ஒண்ணு சின்னதா இருக்கு, வலிப்பு அதாலதான். முதல் படத்துல அது தெரியவே இல்ல. மாத்திரை விடாம சாப்பிடணும்."

"கட்டி இல்லியே டாக்டர்?"

"இல்லம்மா."

"இல்லியே?"

"இல்ல."

வாசல்படி இறங்கும்போது அவளுக்கு முழங்கால் மடிந்தது. வலிப்புதானோ என்று பதறிப்போய் சபிஹா தாங்கிப் பிடித்தாள்.

"வலிப்பு இல்லடி," என்றாள் ஷம்சாத், அழுதுகொண்டே. "கொஞ்சம் உட்காரணும்."