ஹார்ட்விக் சொன்ன முதல் பொய்

மனித குலம் இதுவரை கூட்டாகச் சொல்லிய பொய்களிலேயே மிகப் பெரியது ஆங்கில மொழி. இது ஹார்ட்விக் வந்த முடிவு. ஜெர்மனியில் பீலஃபெல்ட் நகரில் முப்பது வருடம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவர் யோசிக்காமல் ஒரு முடிவுக்கு வரமாட்டார். ஒரு லிஃப்டில் பழுது இருக்கும், அல்லது இருக்காது. 'பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கேன்' என்று எந்த லிஃப்டும் அவரிடம் சொன்னதில்லை.

அறுபத்தாறு வயதில் ஆங்கில மாலை வகுப்பில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் மாப்பிள்ளை. மகள் வீப்கே இங்கிலாந்தில் ஹல் என்கிற ஊரில் கோலின் என்பவனைக் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு முறை கரு கலைந்து, இப்போது மூன்றாவது. ஆகஸ்டு வரை படுக்கையை விட்டு எழவே கூடாது என்று அங்கே டாக்டர் உத்தரவு. அவளுக்கு வருகிற போனையெல்லாம் கோலின்தான் எடுத்து, பதற்றம் தருவதை வடிகட்டிவிட்டுச் சொல்வான். கோலினுக்கு ஜெர்மன் சுட்டுப் போட்டாலும் வராது.

வகுப்பில் ஹார்ட்விக்குக்கு எல்லாமே இடித்தது. பல்லிடுக்கில் நாக்கை நீட்டிப் பேசச் சொன்னார்கள்; அவர் வீட்டில் அதற்கு அறை விழும். நாய்க்கும் நீதிபதிக்கும் ஒரே 'யூ'. இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார்.

"ஹவ் ஆர் யூ?" என்றார் ஆனெக்ரெட் டீச்சர்.

ஹார்ட்விக் பதில் சொன்னார். இடது முழங்கால், மலச்சிக்கல், ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போட்ட மாடிவீட்டுக்காரன், அதற்காகப் போலீசைக் கூப்பிட்டது, முந்தின வாரம் வயிற்றைப் படம் எடுத்தது. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஹார்ட்விக், அது கேள்வியே இல்லீங்க. நம்ம வணக்கம் மாதிரி."

"அப்ப வணக்கம்னே சொல்லிட்டுப் போகலாமே. கேள்வி கேட்டுட்டு பதில் வேணாம்னா என்ன மரியாதை அது?"

பக்கத்து நாற்காலி கிஸ்பெர்ட், "ஃபைன், தேங்க்யூ" என்று சொல்லிக் காட்டினான்.

"டேய், உன் பேக்கரியை மூடியாச்சு. பொண்டாட்டி அக்கா வீட்டுக்குப் போயிட்டா. இதுல எதுடா ஃபைன்?"

"இங்கிலீஷ்ல எல்லாமே ஃபைன்தான் ஹார்ட்விக். ஜெர்மன்ல கேளு, அழறேன்."

வகுப்பு சிரித்தது. ஹார்ட்விக் சிரிக்கவில்லை. "கிளிப்பிள்ளை. என் வாயிலிருந்து அந்த வார்த்தை வராது. எழுதி வச்சுக்கோ."

வயிற்றுப் படத்தின் முடிவு வியாழக்கிழமை வந்தது. டாக்டரும் ஜெர்மன்காரர்தான், சுற்றி வளைக்கவில்லை. கணையத்தில் கட்டி, அறுக்க முடியாத இடம், இலையுதிர் காலத்தைத் தாண்டினால் அதிர்ஷ்டம். ஹார்ட்விக்குக்கு ஒன்றும் தோன்றவில்லை. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து மூன்று மணிக்குள் எடுக்க வேண்டுமே என்பது மட்டும் தோன்றியது. எடுத்தார்.

அடுத்த வகுப்பில், கணையத்துக்கு ஆங்கிலத்தில் என்ன என்று டீச்சரிடம் கேட்டார். டீச்சர் சொன்னார். யாருக்கு என்று கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தார். ஹார்ட்விக் வாக்கியத்தை முழுசாகக் கட்டி, சமையலறையில் நின்று, நாக்கை நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டி, தப்பில்லாமல் வரும்வரை சொல்லிப் பார்த்தார். பெற்ற மகளிடம் பழுதை மறைப்பது அவர் தொழிலில் குற்றம்.

ஞாயிறு நாலு மணிக்கு, காப்பியும் பிளம் கேக்கும் எடுத்து வைத்துக்கொண்டு, போன் போட்டார்.

"ஹார்ட்விக்! ஹவ் ஆர் யூ?" என்றான் கோலின்.

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து வீப்கேயின் குரல் வந்தது. புருஷனுக்குப் புரிவதற்காக ஆங்கிலத்தில் கத்தினாள்.

"அப்பாவுக்கு ரிசல்ட் வந்துச்சான்னு கேளு கோலின்! ஏதாவது தப்பா இருந்தா நான் நாளைக்கே பிளேன் ஏறிடுவேன், டாக்டர் என்ன வேணா சொல்லட்டும்!"

யாரும் மொழிபெயர்க்காமல் ஹார்ட்விக்குக்கு முழுசாகப் புரிந்த முதல் ஆங்கிலம் அதுதான்.

"படு நீ, எழுந்திருக்காதே," என்று கோலின் அவளை அதட்டுவது கேட்டது. கட்டில் கிரீச்சிட்டது. பிறகு போனில், "ஹார்ட்விக்? இருக்கீங்களா? ரிசல்ட் என்ன ஆச்சு?"

கட்டி வைத்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது. ஹார்ட்விக் அதை விழுங்கினார்.

"ஃபைன்," என்றார். "எல்லாம் ஃபைன். தேங்க்யூ. அண்ட் யூ?"

"ஃபைன், ஃபைன்," என்றான் கோலின். அந்தப் பக்கம் கட்டில் அடங்கியது.

"அங்கே மழையா?" என்று கேட்டார் ஹார்ட்விக்.

"நாள் முழுக்க."

ஜன்னல் வழியாக வெயில் வந்து கேக்கின் மேல் கிடந்தது. ஒரு ஈ அதன் ஓரமாக நடந்துகொண்டிருந்தது.

"இங்கேயும் அப்படித்தான்," என்றார் ஹார்ட்விக்.