பதிவேட்டில் ஒன்பது பேர்

மூன்று மாதங்களுக்கு முன்பு மாவட்ட நூலகம் எங்கள் மாலை வகுப்பறைக்கு முப்பது புத்தகங்களோடு ஒரு மரப்பெட்டியை அனுப்பியது. பதிவேடு என் பொறுப்பு. என்னிடம் நேரில் வாங்கியவர்களின் பெயரை மட்டுமே எழுதினேன். வேலைக்குப் போகிற பலரால் வகுப்பு நேரத்தில் வர முடியவில்லை. வாங்கியவர்களே அக்கம்பக்கம் கொடுத்தார்கள். அதையும் எழுதலாமா என்று தினமும் யோசித்தேன். கண்ணால் பார்க்காததை எழுதுவது தப்பென்று விட்டுவிட்டேன்.

இன்று வண்டியில் வந்த நூலக அலுவலர் பதிவேட்டைப் புரட்டினார்.

"மூணு மாசத்துல ஒம்பது பேரா? இருபது பேராவது இருந்தாத்தான் தம்பி பெட்டி இங்க நிக்கும்."

"ஊரே படிச்சுது சார்."

"அப்ப நோட்டுல ஏன் இல்ல?"

அவர் பெட்டியை வண்டியில் ஏற்றச் சொன்னார். வெளியே இருந்த புத்தகங்களைத் திரட்ட வீடு வீடாகப் போனேன். தையல்கார அக்கா விஷயத்தைக் கேட்டும் நாவலை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"இன்னும் அம்பது பக்கம்தான்டா. என் முறை வரவே ரெண்டு மாசமாச்சு. நாலு பேர கூட எழுதியிருந்தா உன் கை தேஞ்சா போயிருக்கும்?"

நான் கையை நீட்டியபடியே நின்றேன். அவள் படித்த பக்கத்தின் முனையை மடித்தாள். பிறகு விரலால் அதை நிமிர்த்திவிட்டுக் கொடுத்தாள்.