நெல்சன் கேட்கும் கேள்வி

"வாயே திறக்காம உக்காந்திருப்பீங்களா? நீங்களா?"

"கம்பெனி ரூல், ஆஷ்லின். 'வேற என்ன வேணும்'னு கேட்டுட்டு, விளக்கு வாங்க வர்றவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசக் கூடாது. ட்ரெயினிங்கே குடுத்தாங்க."

"அந்த ட்ரெயினிங்ல..."

"சட்னில உப்பு கம்மி" என்றான் நெல்சன்.

காலையில் நடந்த இந்தப் பேச்சை நினைத்துச் சிரித்தபடியே ஆஷ்லின் பிள்ளைச்சாவடியில் கம்பெனி வேனிலிருந்து இறங்கினாள். அவள் கணவன் நெல்சன் வேலை பார்ப்பது சோலார் கம்பெனியில். மாதம் ஒரு சனிக்கிழமை ஊழியர்களே போய் மீனவக் குடும்பங்களுக்கு விளக்கு கொடுப்பார்கள். வீட்டாரும் கூட வரலாம். அவன் குறுக்கே பேசாமல் கேட்கும் அதிசயத்தை அவளுக்குக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். வைத்தியமெல்லாம் பொய்த்துப்போன பிறகு, ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்று சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறாள். "ஏங்க, ஒரு விஷயம்" என்றாலே அவனுக்குத் தெரிந்துவிடும். "மாதா குடுப்பாங்க" என்று எழுந்து போய்விடுவான். தத்து என்ற சொல் அந்த வீட்டில் இன்னும் ஒலிக்கவில்லை.

நெல்சனின் மேசைக்கு எதிரே, மீன் விற்கும் அஞ்சலாட்சி விளக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வெளக்கு கெடக்கட்டும் தம்பி. ஐஸ்பெட்டிக்கு ஒரு வழி பண்ணு. வெயில்ல மீன் நாறிப்போவுது. எம்புருசன்கிட்ட சொன்னா காதுலயே வாங்க மாட்டேங்கிறான்."

நெல்சன் தலையைக் கொஞ்சம் சாய்த்து, அவள் முகத்தையே பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஆஷ்லின் பேசும்போதும் அப்படித்தான் சாய்ப்பான். அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு பொறாமை. அதற்கும் பிறகு, எங்கிருந்தோ ஒரு சின்ன தைரியம்.

எழுந்து போகும்போது அஞ்சலாட்சி, பக்கத்தில் நின்ற ஆஷ்லினின் தோளைத் தட்டினாள். "உன் வூட்டுக்காரரா? குடுத்து வெச்சவ நீ."

ஆஷ்லின் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏய், இது ஊர்க்காரங்க உக்கார்ற எடம்டி."

"தெரியும். கேளுங்க."

பக்கத்து மேசையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். நெல்சன் விளையாட்டாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "சொல்லுங்கம்மா, உங்களுக்கு வேற என்ன வேணும்?"

"ஏங்க..."

அவன் சிரிப்பு அடங்கியது. ஏதோ சொல்ல உதடு பிரிந்தது. மேனேஜரைப் பார்த்து மூடிக்கொண்டது. கடற்காற்றில் மேசைவிரிப்பு எழும்ப, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கைவைத்து அமுக்கினார்கள்.

"நாம ஒரு கொழந்தையத் தத்தெடுத்துக்கலாங்க. நீங்க இப்பிடித் தலையச் சாய்ச்சுக் கேக்க, நம்ம வீட்ல ஒண்ணு பேசணும்."