எழுபது கிலோ

ஓமான் மலையில், ஆழமான ஒரு பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி இருக்கிறது அந்தச் சின்ன விமான நிலையம். கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல். ஒரே ஓடுபாதை, அது முடிகிற இடத்தில் மலையும் முடிந்துவிடும். பள்ளத்தாக்கைப் பார்க்க வருகிற பணக்காரர்களுக்காக, பத்தொன்பது பேர் உட்காரும் விமானம் ஒன்று தினமும் மஸ்கட்டிலிருந்து வந்து போகும். அதில் பெட்டி ஏற்றி இறக்குவது வைரவனின் வேலை. சிவகங்கைப் பக்கத்துக்காரன்.

அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்திருக்கும். வெயில் ஏற ஏற இன்னும் மெலியும். காலையில் தூக்குகிற எடையை விமானம் நடுப்பகலில் தூக்காது. அதனால்தான் புறப்பாடு ஒன்பதரைக்கு.

அன்று உம்மு சல்மா ஏழு மணிக்கே வந்துவிட்டாள். பள்ளத்தாக்கு ரிசார்ட்டில் அறை சுத்தம் செய்கிறவள், கல்முனைக்காரி. முந்தின நாள் அவள் மகள் போன பள்ளிக்கூட வேன் லாரியில் மோதியிருந்தது. பிள்ளை ஐசியூவில். மாலையில் மஸ்கட்டிலிருந்து கொழும்பு விமானம். அதை விட்டால் அவளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் இடம்.

வைரவன் டீ கொண்டுபோய்க் கொடுத்தான். "ஏதாச்சும் சாப்டீங்களாக்கா?"

"தொண்டைக்குள்ள இறங்குதில்ல தம்பி. மகள் கண்ணத் தொறந்தா என்னையத்தான் தேடுவா."

ஒன்பதரைக்கு விமானம் தயார். ஆனால் ஒரே கூட்டமாகப் போக வேண்டிய பன்னிரண்டு பேர் வரவில்லை. பள்ளத்தாக்கின் கண்ணாடி மேடையில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், காத்திருங்கள் என்று ரிசார்ட்டிலிருந்து போன் வந்தது. பத்தரை ஆயிற்று. பதினொன்றரை ஆயிற்று. பன்னிரண்டு அடிக்கப் போகும்போது சிரித்துக்கொண்டே வந்து இறங்கினார்கள். பன்னிரண்டு பேருக்கு இருபது பெட்டி.

கேப்டன் வெப்பமானியைப் பார்த்தார். இந்த வெயிலில் எழுபது கிலோ குறைத்தால்தான் கிளப்ப முடியும் என்று சொல்லிவிட்டு விமானத்தில் ஏறிக்கொண்டார். எதைக் குறைப்பது என்பது ஆபீஸ் பார்க்க வேண்டியது. சூப்பர்வைசர் அகமது கபீர், கீழக்கரைக்காரர், பட்டியலை ஒருமுறை பார்த்தார். உம்மு சல்மாவின் பெயரை அடித்தார்.

அவளுடைய பையை இறக்கச் சொன்னதும்தான் வைரவனுக்கு விஷயம் புரிந்தது.

"என்ன பாய் இது? அந்தம்மா ஏழு மணிலேர்ந்து உக்காந்திருக்கு. லேட்டா வந்தது அவனுங்க!"

"ஸ்டாஃப் டிக்கெட்டுப்பா. கெஸ்ட்டை எறக்க முடியுமா?"

"கெஸ்ட்டை எறக்க வேணாம். மூணு பெட்டிய எறக்குங்க. நாளைக்கு அனுப்பலாம்."

"பெட்டிய விட்டா அவங்க கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்க. அவ பண்ண மாட்டா. கலாஸ், முடிஞ்சுபோச்சு. போ, வேலையப் பாரு."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. மழை வரும், வெயில் அடிக்கும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் வைரவனுக்குத் தலைக்கேறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உம்மு சல்மா கையில் பாஸ்போர்ட்டோடு நின்றிருந்தாள். அழவில்லை. தன் பெயரை மறுபடி கூப்பிடுவார்கள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

வைரவன் விமானத்தை நோக்கி நடந்தான். கதவு சாத்தியாயிற்று. சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுப்பதுதான் பாக்கி. அவன் எடுக்கவில்லை. விமானத்தின் மூக்குக்கு நேராகப் போய் நின்று, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்காக வைத்தான். எந்த பைலட்டுக்கும் அதற்கு ஒரே அர்த்தம்: நில்.

பின்னால் கபீர் கத்தினார். "டேய் வைரவா! பைத்தியமா உனக்கு?"

அவன் திரும்பவில்லை. விமானத்தோடு இணைத்திருந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, தெரிந்த இங்கிலீஷில் கேப்டனிடம் சொன்னான். ஒரு தாயை இறக்கிவிட்டார்கள், அவள் பிள்ளை ஐசியூவில், இரண்டரை மணி நேரம் தாமதம் செய்தது அவள் இல்லை, பெட்டிக்குச் சாவு கிடையாது, நாளைக்கும் போகும்.  



"பையோட சேத்து அவங்க எவ்வளவு எடை?" என்று இந்தியில் கேட்டார் கேப்டன்.

"எழுபது, சார்."

"மூணு பெட்டிய எறக்கு. அவங்கள ஏத்து. மத்தத நான் பேசிக்கிறேன்."

கதவு திறந்தது. பெட்டிக்காரர் ஒருவர் படியில் நின்று கத்தினார். பெட்டி வேண்டுமென்றால் பெட்டியோடு இங்கேயே தங்கலாம் என்றார் கேப்டன். பெட்டிக்காரர் உள்ளே போய்விட்டார். வைரவன் மூன்று பெட்டிகளையும் தானே இறக்கினான். தரையில் ஓங்கி அடிக்கத்தான் கை துடித்தது. அடிக்காமல் வரிசையாக வைத்தான்.

உம்மு சல்மா ஓடி வந்தாள். படியேறும்போது அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"போங்கக்கா. சீக்கிரம்."

சாயங்காலமே கம்பெனியிலிருந்து மெயில் வந்துவிட்டது. கபீர் அவனைக் கூப்பிட்டு பாஸைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

"கோவத்துல பண்ணிட்டான், மன்னிப்பு கேக்கறான்னு எழுதறேன். வேலை தப்பிச்சுடும்."

"அப்படி எழுதாதீங்க பாய். தெரிஞ்சுதான் பண்ணேன்னு எழுதுங்க. அவ பேரை அடிச்சது யாருன்னும் எழுதுங்க."

கபீர் பேனாவை எடுத்தார். முதலாவதை எழுதினார். இரண்டாவதை எழுதவில்லை.

மூன்றாம் நாள் அவனை மஸ்கட் குடோனுக்கு மாற்றினார்கள். இனி விமான நிலைய டூட்டியே கிடையாது என்றார்கள். வெள்ளிக்கிழமை உம்மு சல்மாவின் குரல் வந்தது போனில். மகள் கண் திறந்துவிட்டாள், ஒரு கால் இன்னும் அசையவில்லை, ஆனால் 'உம்மா' என்று கூப்பிட்டாள். குடோன் ஆட்கள் தங்கும் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அவர்களில் ஒருவனான வீரபாண்டி அவன் முதுகில் தட்டினான்.

"அதான் நல்லபடியா முடிஞ்சுதுல்ல? இன்னும் ஏன்டா மொறைச்சுக்கிட்டே இருக்க?"

"புள்ள பொழச்சது சந்தோசம்டா," என்றான் வைரவன். "ஆனா இன்னைக்கும் அங்க வெயிலடிக்கும். இன்னைக்கும் எவனாவது லேட்டா வருவான். இன்னைக்கு யாரை எறக்குனானுங்களோ!"

சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து வெளியே போனான்.