பாதிப் பெயர்

சனிக்கிழமை மத்தியானம் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஞானகுமாரிக்குச் சுருக்கென்றது. பாட்டுப் பயிற்சிக்குத்தானே போகிறோம், கல்யாணத்துக்கா? இந்த ஊதாச் சேலையை எதற்கு எடுத்தோம்?

கொரட்டூர் கோயில் பாட்டுக்குழுவில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள்தான் முதல் குரல். கீபோர்டு வாசிக்கிற பெனிட்டோ வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. புருஷன் கிறிஸ்துராஜிலிருந்து மீன்காரி நாகம்மாள் வரை எல்லோருக்கும் அவள் ஞானம்தான். பெனிட்டோ மட்டும், மற்ற பெண்களையெல்லாம் சிஸ்டர் என்றுவிட்டு, இவளிடம் வரும்போது, "குமாரி, கொஞ்சம் ஏத்திப் பாடலாமா?" என்பான். அவ்வளவுதான். கை பட்டதில்லை, போனில் பேசியதில்லை. ஆனால் அந்தப் பாதிப் பெயர் சோறு வடிக்கும்போதும் கூடவே வந்தது. வந்தால் வரட்டும் என்று இவளும் விட்டுவைத்திருந்தாள். பொய் சொல்வானேன், பிடித்திருந்தது.

இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். பழைய சேலையோடு கோயிலுக்குப் போய், பயிற்சிக்கு முன்பே, ஃபாதரிடம் பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டாள்.

"ஃபாதர், பாவம் இன்னும் செய்யலை."

வலைக்கு அந்தப் பக்கம் ஃபாதருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். "செய்யாததுக்கு மன்னிப்பு கெடையாதும்மா."

"மனசு ஒரு ஆள் பக்கம் போய்க்கினே கீது ஃபாதர்."

"அப்ப சந்தர்ப்பத்தை விட்டு விலகணும். அந்த ஆளு, அந்த எடம், அந்த நேரம். பக்கத்துலயே போகக்கூடாது."

"எடம் இந்தக் கோயிலுதான் ஃபாதர். நேரம் பாட்டு பிராக்டீஸு."

அடுத்த மாதம் திருவிழா. குரல் யாருடையது என்று ஃபாதருக்குத் தெரியாமலா இருக்கும்? "கோயிலா இருந்தாலும்தாம்மா," என்றார் கடைசியில், பாவம் அந்த மனுஷன்.

அன்றோடு பாட்டுக்குழுவை விட்டாள். வீட்டில் தொண்டை சரியில்லை என்றாள். பாவத்துக்குப் பயந்ததில் பொய் ஒன்று கூடியதுதான் மிச்சம். அவளுக்குப் பாட்டை விட்டால் வேறு என்ன இருந்தது? பாத்திரம் கழுவும்போதுகூட முணுமுணுக்கப் பயந்து வாயை மூடிக்கொண்டாள், அழுகையாக வந்தது.

கிறிஸ்துராஜுக்குப் பொறுக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். பொண்டாட்டியின் பாட்டைப் பற்றி அளக்காத நாள் கிடையாது. "தொண்டைக்கு இன்னா? என்னைத் திட்டும்போது நல்லாத்தானே கீது!" என்றவன், ஒரு சாயங்காலம் பெனிட்டோவையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். "நீ சொல்லு பெனிட்டோ. நீ சொன்னா கேப்பா."

பெனிட்டோ காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்க சிஸ்டர். நீங்க இல்லாம ஒண்ணும் சரியா வரலை."

சிஸ்டர்! அவளுக்குத் திக்கென்றது. புருஷன் எதிரில் ஒருத்தன் ஒரு பெயரை ஒளிக்கிறான் என்றால், அது எப்படிப்பட்ட பெயர் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் தன் ஒருத்தியின் கிறுக்கு என்றல்லவா நினைத்திருந்தாள்! நெஞ்சுக்குள் குப்பென்று ஒரு சந்தோஷம் ஏறியது. அதைக் கண்டுதான் நிஜமாகவே பயந்தாள்.

"இல்ல தம்பி," என்றாள். அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "நான் இனிமே காலைப் பூசைக்குத்தான் வருவேன்."

அவன் தலையாட்டிவிட்டு எழுந்து போனான். கிறிஸ்துராஜ் வாசலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் எதுனா கேக்கணுமா?"

"வாணாம்."

பெனிட்டோ வைத்துவிட்டுப் போன டம்ளரை எடுத்துக் கழுவப் போட்டான். "சரி. நானும் காலைல வரேன்."

காலைப் பூசைக்குப் பாட்டுக்குழு இல்லை, கீபோர்டும் இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருப்பார்கள். இவர்கள் போன அன்று, காணிக்கை நேரத்தில் பாட்டை யார் எடுப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஃபாதர் பீடத்தில் தலையைக் குனிந்தபடி நின்றார். கிறிஸ்துராஜ் முழங்கையால் அவளை லேசாக இடித்தான்.

தாழ்ந்த சுருதியில் எடுத்தாள். கூட்டம் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. பல்லவி முடிந்து, கீபோர்டு தனியாக வாசிக்கும் இடம் வந்ததும் அவள் வாய் தானாக நின்றது. எல்லோரும் நின்றார்கள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வாசிப்பு முழுவதும் அவள் காதுக்குள் ஓடி முடியும்வரை, கோயிலே அவளுக்காகக் காத்திருந்தது.