தொக்கம்பேட்டின் பச்சைப் புள்ளி

எந்த ஊர்த் தண்ணீர் குடிக்க உகந்தது என்று வரைபடத்தில் காட்ட ஸ்டீவன் செய்த குடிநீர் ஆப்புக்கு மாவட்டப் போட்டியில் முதல் பரிசு என்று செய்தி வந்த வாரமே, காலனிக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி நின்றுபோனது.

இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்தவனை அக்கா ஏஞ்சல் உலுக்கி எழுப்பினாள். லாரி கேட்டு ஒன்றிய அலுவலகம் போய் வந்திருந்தாள். காலனியில், தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய கைப்பம்பில் மஞ்சளாகத்தான் தண்ணீர் வரும். அதைக் குடித்து அவள் குழந்தை வயிற்றுப்போக்கில் சுருண்டு கிடந்தது. அலுவலகத்தில் எழுத்தர் துளசிராமன் சண்டை போடவில்லை. உட்கார வைத்து, போனைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். தொக்கம்பேடு, பச்சைப் புள்ளி, குடிக்க உகந்தது. உங்கள் ஊர்ப் பையன் செய்ததுதான் என்று வேறு சொல்லியிருக்கிறார்.

"இன்னாடா செஞ்சி வச்சிக்கிற? நீ போட்ட பச்சையக் காட்டி லாரிய நிறுத்திட்டாங்க."

"நான் இன்னாக்கா பண்ணேன்? கவர்மெண்ட்டு டெஸ்ட் எடுத்தத அப்படியே போட்டேன்."

"நம்ம பம்பாண்ட எவன் வந்து எடுத்தான்?"

அரசு இணையதளத்தில் இறக்கிய அட்டவணையைத் திறந்தான். தண்ணீர் எடுத்த இடம் ஏரிக்கு அந்தப் பக்கம், ஊருக்குள் இருந்த ஆழ்துளைக் கிணறு. ஊருக்கும் காலனிக்கும் அரசாங்கக் கணக்கில் ஒரே பெயர். அவனுக்கு இது தெரியாததில்லை. பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோதும், அதைப் பாதியில் விட்டு கம்பெனி வேனில் ஏறியபோதும், எந்த ஊர் என்று கேட்டவர்களிடம் தொக்கம்பேடு என்று சொல்லி நிறுத்திக்கொள்வான். காலனிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். அதற்கு மேல் சொன்னால் கேட்பவர் முகம் மாறும். அதே பழக்கத்தில் வரைபடத்திலும் ஒரே புள்ளி வைத்துவிட்டான்.

போட்டி நடத்திய ஸ்நேகாவுக்கு போன் செய்தான். காலனிக்குத் தனிப் புள்ளி வைத்து, சோதனை நடக்கவில்லை என்று போடப்போவதாகச் சொன்னான். இளைஞர்கள் அரசுத் தரவை வைத்து இப்படி நிறைய ஆப் செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தவள், வெளியிட்ட தரவில் இல்லாததைச் சேர்த்தால் பரிசு ரத்தாகிவிடும் என்று முடித்தாள்.

"ரத்து பண்ணிக்கோங்க மேடம்."

புதுப் புள்ளிக்குச் சாம்பல் நிறம் கொடுத்தான். மறுநாள் அக்காவுடன் ஒன்றிய அலுவலகம் போனான். துளசிராமன் போனை வாங்கி, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"சாம்பல்னா கெட்ட தண்ணின்னு அர்த்தமில்லியேப்பா. டெஸ்ட்டுக்கு எழுதிக் குடு, ஆள் வருவாங்க. ரிப்போர்ட் வரட்டும், அப்புறம் லாரியப் பாக்கலாம்."

"அதுவரைக்கும் புள்ளைங்க இன்னாத்தக் குடிக்கும்?" என்றாள் ஏஞ்சல்.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஃபைலைத் திறந்தார். ஸ்டீவன் நாற்காலியை அவர் மேசைக்கு நேராக இழுத்துப் போட்டான்.

"லாரி கெளம்பற வரைக்கும் நாங்க இங்கியே குந்திக்கினு இருக்கோம் சார்."

துளசிராமன் மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார். சாயங்காலமும் இருவரும் அங்கேயே இருந்தார்கள்; இரவு ஷிஃப்ட்டுக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் டிரைவரிடமிருந்து ஸ்டீவனுக்கு போன் வந்தது. அவன் எடுக்கவில்லை.